தாளாளர் கைப்பட எழுதியது

ஒரு சமுதாயத்தின் ஆன்மா அதன் குழந்தைகளுடைய கையெழுத்தில்தான் உறைந்திருக்கிறது. இது நான் சொன்னதல்ல. பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணி கேட்கும் தூரத்தில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் தாளாளர் திரு. பாக்கியசீலன் சொன்னது. சொன்னதோடு விடாமல் வண்ணார்பேட்டையில் கொடுத்து பிளக்ஸ் அடித்துப் பள்ளி வாசலில் கட்டியும் வைத்தார். கணினி எழுத்து. மழை பிடித்ததும் அதை அவிழ்த்துத் தன் காருக்கு மூடாக்காகப் போட்டுக்கொண்டார். பானெட்டின் மேல் 'ஆன்மா' என்றும் டிக்கியின் மேல் 'உறைந்திருக்கிறது' என்றும் வாசிக்கலாம். நடுவில் அவருடைய புகைப்படம், மழையில் நனைந்துகொண்டே சிரிக்கும்.

பள்ளியின் பெயர் வேண்டாம். நிர்வாகக் குழுவில் ஏற்கெனவே போதுமான வழக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அங்கே இரண்டாம் வகுப்புக்கு ரீபா டீச்சர். பிள்ளைகளுக்கு எழுத்து வரவைக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இரட்டைக் கோட்டு நோட்டில் ஒரே வரியைப் பத்து தடவை எழுதச் சொன்னால் மூன்றாவது தடவையிலேயே எழுத்து படுத்துவிடும். இதை யாரும் வாசிக்கப் போவதில்லை என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் டிசம்பர் பிறந்ததும் ஆளுக்கொரு அஞ்சலட்டை கொடுத்து, உண்மையான ஒரு மனிதருக்கு உண்மையாகவே கடிதம் எழுதச் சொன்னாள். முதலில் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டையில் பென்சிலால் கோடு போட்டு ஏற்றலாம். அரைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும் அன்று எல்லாரும் வரிசையாகப் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவார்கள்.

திருத்துவதற்கென்று சிவப்புப் பென்சில் உண்டு. சுழி முழுசாக இருக்கிறதா, கால் நிமிர்ந்து நிற்கிறதா, கொம்பு உடையாமல் இருக்கிறதா, புள்ளி தலைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நட்சத்திரம். இல்லாவிட்டால் 'மீண்டும் எழுதுக'. நட்சத்திரம் போடுவதைவிட 'மீண்டும் எழுதுக' போடுவதில்தான் இன்பம் அதிகம் என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுகொண்டார்கள். போன டிசம்பரில் இந்த வகுப்பில் இருந்த, மேலப்பாளையத்து ஹம்னா யாருக்கும் நட்சத்திரம் போட்டதாக வரலாறு இல்லை. சிலிண்டர்காரர் போன் நம்பரை எழுதி அவள் வாப்பா பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்த சீட்டிலேயே 'மீண்டும் எழுதுக' என்று போட்டவள் அவள்.

இந்தக் கடிதங்கள் மாமாவுக்கும் சித்திக்கும் போய்க்கொண்டிருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. போன வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் தாளாளர் வகுப்புப் பக்கம் வந்தார். கரும்பலகையில் மாதிரிக் கடிதத்தைப் பார்த்தார்.

"மாமாவுக்கு எதுக்கு டீச்சர் எழுதணும்? பள்ளிக்கூடத்துக்கே தகப்பன் மாதிரி நான் ஒருத்தன் இருக்கேன்லா?"

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. குழந்தைகள் தாளாளருக்கு எழுதுவார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் தாளாளர் தம் கைப்படப் பதில் எழுதுவார். கும்பிடும் கைகளும் ரோஜாப் பூக்களும் மழையாகப் பொழிந்தன.

விடுமுறை விட்ட மறுநாள் டீச்சருக்கு போன் வந்தது. "டீச்சர், நமக்குக் கை கொஞ்சம் ஒத்துழைக்க மாட்டேங்கு. நீங்க எழுதிட்டா நான் பைய கையெழுத்து போட்டுருதேன்."

ரீபா டீச்சர் அந்த விடுமுறைக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கம் இருக்கும் தன் அக்கா சாலோமி வீட்டுக்குப் போவதாக இருந்தாள். முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்தாயிற்று என்று அக்கா சொல்லியும் விட்டாள். டீச்சர் போகவில்லை. தாளாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். விருந்தாளிகள் வரவர, தாளாளரின் மனைவி எப்சியம்மாள் அவளை மேசையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்தினாள். பிறகு வாஷிங் மெஷின் பக்கத்துக்கு நகர்த்தினாள். கையெழுத்துப் போடத் தாளாளர் ஒரே ஒரு தடவை வந்தார். முதல் அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். "அதையும் நீங்களே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

இதுவரைக்கும் மன்னித்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் மன்னிப்பது வேலையின் ஒரு பகுதி.

ஜனவரியில் பெற்றோர் விழா நடந்தது. சிறப்பு விருந்தினர், அஞ்சல் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற பேச்சிராஜ். அஞ்சலட்டை ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் சர்வீஸில் லட்சக்கணக்கான கடிதம் என் கையைத் தாண்டிப் போயிருக்கு. இப்படி ஒரு எழுத்தை நான் கண்டதில்லை" என்றார். அங்கேயே பாக்கியசீலனுக்கு 'கையெழுத்துச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு தாளாளர் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

"எழுத்துங்கறது ஒரு தவம்" என்று ஆரம்பித்தார். தவம் சிறிது நேரம் நடந்தது. முடிக்கும்போது கண்ணில் ரீபா டீச்சர் பட்டுவிட்டாள். "நம்ம ரீபா டீச்சர் இருக்காவ. நல்ல டீச்சர். ஆனா அவங்க எழுத்து இன்னும் கொஞ்சம் திருந்தணும். நான் எழுதின கடிதங்களை வாங்கி வச்சுப் பார்த்துப் பழகினா, பைய வந்துரும்."

ஹால் சிரித்தது. ரீபா டீச்சரும் சிரித்தாள். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் நகைச்சுவை சொன்னால் வேறு என்ன செய்வது? தன் எழுத்தைப் பார்த்தே தன் எழுத்தைத் திருத்திக்கொள்ளும்படி மேடையில் அறிவுறுத்தப்பட்ட முதல் ஆசிரியை என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனாள்.

சத்துருக்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் தினமும் பாக்கியசீலனுக்காக ஜெபித்தாள். அவர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், அடுத்த ஜனவரி வரை பதவி பறிபோகாமல் இருக்க வேண்டும், பேச்சிராஜ் அண்ணாச்சிக்கும் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால், பாக்கியசீலனின் உண்மையான எழுத்தை எல்லாரும் பார்க்க வேண்டும்.

அடுத்த டிசம்பர் வந்தது. தாளாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், கடித விசயம். வழக்கம்போல பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன் சார்." அவள் வாழ்நாளில் இவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "சார், ஒரு யோசனை. இந்தத் தடவை நீங்க எழுதுத பதிலையெல்லாம் பிள்ளைகள்கிட்ட இருந்து திருப்பி வாங்கி, விழா அன்னைக்கு ஹாலில கண்காட்சியா வச்சா என்ன? ஒரு அட்டை விடாம? பேச்சிராஜ் அண்ணாச்சியும் சாவகாசமாப் பாப்பாவல்லா?"

பாக்கியசீலன் கண்களை மூடி அந்தக் கண்காட்சியை ஒரு முறை நடந்து பார்த்தார். டீச்சர் படி இறங்குவதற்குள் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. 'தாளாளர் கைப்பட எழுதிய கடிதங்களின் மாபெரும் கண்காட்சி.'

அந்த மாதம் இரண்டாம் வகுப்பில் திருத்தம் பழகிய வேகத்தில் வேறு எந்தப் பாடமும் நடக்கவில்லை. சுழிக்காக ஒரு நாள், காலுக்காக ஒரு நாள். எழுதினது யார் என்று பார்க்கக் கூடாது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அப்பா எழுதினா?" என்றான் சுபின். கீழநத்தம் பக்கத்திலிருந்து வருகிறவன், வீட்டில் ஆடு உண்டு.

"அப்பா எழுதினாலும்தான்."

"பெரிய சார் எழுதினா?" என்றாள் ஹம்னா.

டீச்சர் சாக்பீஸ் தூளைத் துடைப்பது போலக் கையைத் துடைத்தாள். "கையில வந்த எந்தக் கடிதத்தையும் திருத்தாம வைக்கக் கூடாது."

கடைசி நாளுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தாள். மற்ற வகுப்புகளில் கேக்கும் சாக்லேட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பில் ஆளுக்கொரு சிவப்புப் பென்சில். சீவியே கொடுத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனைக் கூப்பிட்டாள். அப்பாத்துரைக்கு வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை.

"ஏங்க, மாவுக்கட்டுத் துணி கொண்டு வந்தீளா?"

"கொண்டாந்தேன். யாருக்கு?"

"எனக்குத்தான். வலது கையில போடுங்க."

அப்பாத்துரை அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏட்டி, ஒடிஞ்சிருந்தாதான் கட்டுப் போடணும்."

"ஒடிஞ்சுதான் இருக்கு. போன சனவரியிலேர்ந்து."

இருபது வருடம் மருந்துக் கடையில் நின்றவனுக்கு எந்த நோயாளியிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று தெரியும். மாவுக்கட்டை முழங்கையிலிருந்து விரல் கணு வரை போட்டு, காய்ந்ததும் ஓரமாக அறுத்து, வேண்டும்போது கழற்றி மாட்டும்படி மேலே துணி சுற்றிக் கொடுத்தான். ரீபா டீச்சர் ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுக்கிறவள். படுக்கப் போகுமுன் பத்துக் கட்டளைகளையும் ஒரு தடவை வாசித்தாள். மாவுக்கட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் பிள்ளைகள் தபால் பெட்டிக்குப் போய்த் திரும்பியதும் தாளாளர் முன்னால் போய் நின்றாள். தோளிலிருந்து துணித் தொட்டிலில் கை தொங்கியது.

"ஐயையோ! எந்தக் கை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வலது கை சார். குறுக்குத்துறை ஆத்துப் படியில பாசி. வழுக்கிட்டு."

"எத்தனை நாளைக்கு?"

"ஆறு வாரம்னு சொல்லுதாவ."

"ஆறு வாரமா!" அவர் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "இடது கையால ஏதாவது…"

"பல்லு தேய்க்கவே வரமாட்டேங்கு சார்."

"ஜெபம் பண்ணுதேன் டீச்சர். முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள சுகமாயிருமா?"

"நீங்க பண்ணுத ஜெபத்தைப் பொறுத்து இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் அன்று மதியமே ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அட்டைகள் தாளாளர் வீட்டுக்கு வந்து குவிந்தன. அவர் மற்ற டீச்சர்களுக்கு போன் போட்டார். ஒருத்தி மணிமுத்தாறு அருவியில் நின்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். இன்னொருத்தி வீட்டில் அருவி இல்லை, அவளுக்கும் கேட்கவில்லை. பிறகு எழுத்தர் கிங்ஸ்டனைக் கூப்பிட்டார்.

"லே கிங்ஸ்டன், நீ எழுதுலே."

"சார், நான் கீபோர்டு ஆளு. பேனாவைப் பிடிச்சா என் கையெழுத்தே எனக்கு வரமாட்டேங்கு. பேங்க்ல ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாவ."

மீதி இருந்தது எப்சியம்மாள். அவள் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு எழுதினாலும் போன வருசத்து எழுத்து வரப் போறதில்ல. ஊர் பூரா உங்க கைப்படன்னு சொல்லியாச்சு. நீங்களே எழுதுங்க. வயசாயிட்டு, கை நடுங்குதுன்னு சொல்லிக்கிடலாம்."

பாக்கியசீலன் உட்கார்ந்தார். ரொம்ப வருடங்களாக அவர் எழுதியதெல்லாம் தன் பெயர் மட்டுமே. அதிலும் முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு கோடு. இப்போது முழு வாக்கியங்கள் வேண்டியிருந்தன. சுபினின் அட்டை மேலே இருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, நான் நலம். எங்கள் ஆடு நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது. உங்கள் வீட்டில் என்ன போட்டது?' எழுத்து ஒவ்வொன்றும் கோட்டின் மேல் குளித்து உடுத்து நின்றது.

'எங்கள் வீட்டில் ஒன்றும் போடவில்லை' என்று அவர் பதில் எழுதினார். மருத்துவர் சீட்டு வாசித்துப் பழகிய அப்பாத்துரைகூட அதை வாசிக்க விளக்குப் பக்கத்தில் கொண்டு போயிருப்பான். 'ன'வின் சுழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு செத்துக் கிடந்தன. கொம்பும் துணைக்காலும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. வரி மேலே ஏறி, அட்டையின் ஓரத்தில் இடமில்லாமல், தபால் தலை மேல் ஏறி முடிந்தது. கேரல் ரவுண்ட்ஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. கேக்கை மற்றவர்கள் சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் எப்சியம்மாள் அவரை மேசையிலிருந்து வாஷிங் மெஷின் பக்கத்துக்கு நகர்த்தினாள்.

அக்கா வீட்டில் ரீபா டீச்சர் கட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு முந்திரிக்கொத்து உருட்டினாள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு அஞ்சலட்டையை நினைத்துக்கொண்டாள். இந்நேரம் பத்தாவது எழுதுவார். இந்நேரம் விரல் மரத்திருக்கும். மாவு இறுகியது. அக்காவே, "பைய உருட்டுட்டி, கல்லாப் போயிரும்" என்றாள்.

எல்லாம் நன்றாகவே போயிருக்கும். புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலை ஊர் ஆலயத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் புத்தாண்டுக்கென்று வேதாகமத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் உண்டு, வருடம் முழுக்க நிற்கும். வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். அந்த வருடம் எழுதிய வாலிபன் அவசரத்தில் எழுதியிருந்தான். வரி தெற்கே இறங்கியது. கொம்புகள் உடைந்திருந்தன. ரீபா டீச்சர் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். ஒரு வருடம் முழுக்க அந்தச் சபை இந்தக் கொம்பின் கீழ்தான் நடந்து போக வேண்டுமா? தொட்டிலை அவிழ்த்தாள், கட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தாள், அழிப்பானை எடுத்தாள். வலது கையால் முழு வசனத்தையும் திரும்ப எழுதினாள். வாசலில் நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். பெருமை தாங்காமல் சாலோமி ஒரு கக்கத்தில் மாவுக்கட்டை இடுக்கிக்கொண்டு மறு கையால் வீடியோ எடுத்து, 'எங்க வீட்டு ரீபா டீச்சர் கைவண்ணம்' என்று ஸ்டேட்டஸ் வைத்தாள்.

சாலோமியும் எப்சியம்மாளும் ஒரே பெண்கள் ஜெபக் குழுவில் இருந்தார்கள்; ஒருவர் ஸ்டேட்டஸை மற்றவர் பார்க்காமல் விடுவதில்லை. வீடியோ எடுத்தது ரீபா டீச்சருக்குத் தெரியாது. எழுதும்போது அவள் பலகையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் தாளாளரின் பதில்களைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். அவர்கள் விளையாடப் போனதும் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு அட்டை தப்பவில்லை. நீல மையைச் சிவப்பு முழுசாக மேய்ந்திருந்தது. 'கால் நொண்டுகிறது.' 'கொம்பைக் காணவில்லை.' 'கோடு போட்டு எழுதவும்.' சுபின் தன்னுடையதில் 'முயற்சி செய்துள்ளீர்கள்' என்று இரக்கத்தோடு போட்டிருந்தான். ஹம்னா, சுழி செத்த இடமெல்லாம் வட்டம் போட்டு, கீழே 'மீண்டும் எழுதுக' என்றும், அதற்குக் கீழே 'ஐந்து முறை' என்றும், அதற்கும் கீழே தன் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தாள். அவளுடைய எழுத்து அச்சடித்தது போல இருந்தது.

டீச்சர் அந்த அட்டையை இடது கையால் எடுத்து முத்தமிட்டாள். சாட்சிக்கு யாரும் இல்லை.

விழா நாள் காலையில் எல்லா அட்டைகளையும் ஹாலில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஹம்னாவுடையது நடுவில், பேச்சிராஜ் அண்ணாச்சியின் கண் உயரத்துக்கு. கண்காட்சியை முன்கூட்டியே பார்க்கத் தாளாளருக்கு நேரம் இல்லை. அவர் வாசலில் பேண்டு வாத்தியத்தோடு விருந்தினருக்காக நின்றார். வாத்தியம் முழங்க, மாலையோடு, இருவரும் உள்ளே வந்தார்கள். பின்னால் பெற்றோர் கூட்டம்.

பேச்சிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் அட்டையைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியக்காரர்கள் ஏதோ நடக்கிறது என்று புரிந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"மீண்டும் எழுதுக" என்று அவர் சத்தமாக வாசித்தார். "ஐந்து முறை. ஹம்னா. ரெண்டாம் வகுப்பு." திரும்பினார். "சார்வாள், இது உங்க எழுத்தா?"

"கை… வயசாயிட்டுல்லா, கொஞ்சம் நடுக்கம்" என்றார் பாக்கியசீலன்.

"நடுக்கம் இல்ல சார்" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. ஹம்னா வாப்பா கையை விட்டுவிட்டு முன்னால் வந்திருந்தாள். "நடுங்கினா கோடு வளைஞ்சு போவும். இதில சுழியே போடல. 'ண'வுக்கு மூணு சுழி போடணும். நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க, அதும் மூடல."

"ஏ பிள்ளே, சும்மா இரு" என்றார் வாப்பா. ஆனால் பிடித்து இழுக்கவில்லை.

ஒரு அம்மா கைப்பையிலிருந்து போன வருட அட்டையை எடுத்தாள். லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். "எங்க மூத்தவளுக்கு வந்தது இது. இது வேற எழுத்தால்லா இருக்கு?" அட்டை கை மாறிப் பின் வரிசை வரை போயிற்று. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஹால் சிரித்தது. போன ஜனவரியில் சிரித்த அதே ஹால், அதே ஆட்கள், அதே சிரிப்பு. ரீபா டீச்சர் சுவரோரம் நின்று சிரிக்காமல் கேட்டாள். முந்திரிக்கொத்தைவிட இனிப்பாக இருந்தது.

பாக்கியசீலன் மேடையில் போய் உட்கார்ந்தார். முகம் அவருடைய எழுத்தைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்போது முன் வரிசையிலிருந்து எப்சியம்மாள் எழுந்தாள். மேடை ஏறி, கணவர் காதில் ஏதோ சொல்லி, போனை அவர் முன்னால் நீட்டினாள். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும் என்று சாலோமியின் வீடியோவை அவள் அன்றைக்கே சேமித்து, சமயம் வரட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவர் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். முகம் நிமிர்ந்தது. கிங்ஸ்டனைக் கையசைத்துக் கூப்பிட்டு எதையோ எடுத்து வரச் சொன்னார். பிறகு மைக்கை இழுத்தார்.

"அன்பான பெற்றோர்களே! நீங்க சரியாக் கண்டுபிடிச்சிட்டீங்க. போன வருசக் கடிதங்களை எழுதினது நான் இல்ல. நம்ம ரீபா டீச்சர். தன்னடக்கத்தால வெளிய சொல்லாதீங்கன்னு என்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. ஒரு வருசம் இந்த ரகசியத்தைச் சுமந்தேன். இனி சுமக்க மாட்டேன். இந்த வருசம் கையெழுத்துச் செம்மல் பட்டம் ரீபா டீச்சருக்கு!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பேச்சிராஜ் எழுந்து நின்று தட்டினார். ரீபா டீச்சர் மேடை ஏறினாள். இதை அவள் ஜெபத்தில் கேட்கவேயில்லை. பொன்னாடை மாவுக்கட்டின் மேல் விழுந்தது. பட்டயத்தை இடது கையால் வாங்கினாள். இறங்கப் போனாள்.

"ஒரு நிமிசம் டீச்சர்." தாளாளர் அன்பொழுகச் சிரித்தார். மைக் அவர் கையிலேயே இருந்தது. "பதிவேட்டில வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து. செம்மலோட கையெழுத்தைப் பார்க்க எல்லாரும் ஆவலா இருக்காங்க."

"கை இப்படி இருக்கே சார்."

"அடடா, மறந்துட்டேன் பாருங்க. வலது கை முடியாதுல்லா?" அவர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார், மைக்கைத் தாழ்த்தவில்லை. "இல்ல, ஆழ்வார்திருநகரிப் பக்கம் நல்ல வைத்தியர் இருக்காவ, ஒரே சாயங்காலத்துல குணமாக்கிருதாவன்னு எப்சி சொன்னா. உங்களுக்குக் குணமாயிட்டுன்னா சொல்லுங்க, இங்கனயே கட்டை அவுத்திருவோம்."

எப்சியம்மாள் முன் வரிசையில் போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் கரும்பலகை தெரிந்தது. பலகையின் முன்னால் ஒரு வலது கை தெரிந்தது. கட்டை அவிழ்த்தால், பிள்ளைகள் முன்னால் பொய்க்காரி. ரீபா டீச்சர் ஹாலைப் பார்த்தாள். ஞாயிறு பள்ளிப் பெற்றோரும் அதில் பாதிப் பேர் இருந்தார்கள்.

"இன்னும் குணமாகல சார்" என்றாள்.

"அப்போ ஒண்ணும் பாதகமில்ல. லே கிங்ஸ்டன், கொண்டா."

கிங்ஸ்டன் அலுவலகத்து ஸ்டாம்ப் பேடைத் திறந்து நீட்டினான். புதிதாக மை ஊற்றியிருந்தது. புகைப்படக்காரர் கிட்டே வந்தார். டீச்சர் குனிந்தாள்.

ஹம்னா மேடை ஏறி வந்து எட்டிப் பதிவேட்டைப் பார்த்தாள். நெடு நேரம் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நட்சத்திரம் போட்டாள். "சுழி எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்றாள்.

அந்த வருடத்தின் கையெழுத்துச் செம்மல் பட்டத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ரீபா டீச்சர் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள்.